கீபோர்டு பச்சையின் கட்டைவிரல்

டொக். டொக்டொக். டொக்.

உள் அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. பாட்டு அல்ல, பாட்டின் எலும்புச் சத்தம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பச்சையப்பன் கீபோர்டு வாசிக்க உட்கார்ந்துவிட்டால் இசை மொத்தமும் அவர் காதுக்குள்ளேயே போய்விடும். வீட்டுக்கு மிஞ்சுவது, பிளாஸ்டிக் கட்டைகள் அடியில் மோதுகிற இந்த டொக்டொக் மட்டும்தான். அடுப்படியில் ரவை வறுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நர்மதாவுக்கு அதுவே போதும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிறாள். அம்மன் பாட்டா, குத்துப்பாட்டா, சோகப்பாட்டா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

இன்றைக்கு வந்தது தாலாட்டு. மகள் பூமிகா கைக்குழந்தையாக இருந்தபோது பச்சையப்பனே எழுதி, அவரே மெட்டுப் போட்டது. 'சங்கு ஊதுனா அப்பன் வருவேன், தூங்கு கண்ணே தூங்கு' என்று ஆரம்பிக்கும். ஆலைச் சங்கை வைத்துப் பிள்ளையைத் தூங்கவைக்கிற தாலாட்டு கும்மிடிப்பூண்டியில் பிறக்காமல் வேறெங்கே பிறக்கும்? நர்மதா அதைப் பாடித்தான் மகளை வளர்த்தாள். கண்ணைக் கட்டி உட்காரவைத்தாலும் அவர் விரல் தப்பாமல் ஓடும் பாட்டு அது.

ஆனால் ஒரு வாரமாக அந்தத் தாலாட்டு நொண்டியது. மூன்று டொக் வரும். நிற்கும். தடுமாறி ஒரு டொக். அப்புறம் ஒரு பெருமூச்சு. மறுபடி முதலிலிருந்து. மாவுக்கட்டுப் போட்ட காலோடு படி ஏறுகிற மாதிரி இருந்தது கேட்பதற்கு.

"இன்னாங்க, கை கிய் வலிக்குதா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணியும் இல்ல. நீ உன் வேலையப் பாரு."

கோபக்காரர் இல்லை அவர். அதனால் அந்தப் பதில் அவளுக்குச் சுருக்கென்றது.

பச்சையப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. ஒல்லி உடம்பு. சாயம் ஏற்றிய தலை, காதோரத்தில் மட்டும் சாயத்துக்குக் கட்டுப்படாத நரை. பகலில் சிப்காட்டில் ஒரு குடோன் வாசலில் நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டி. லாரி வந்தால் கேட்டைத் திறப்பார், போனால் மூடுவார். அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், "தாத்தா, கேட்டு!" அவ்வளவுதான். மேடை ஏறினால் ஆளே வேறு. கறுப்புச் சட்டை, கழுத்தில் சிவப்புக் கர்ச்சீப், முகத்தில் பவுடர். பெரியபாளையத்து ஆடிக் கச்சேரியில் அறிவிப்பாளர் மற்றவர்கள் பேரையெல்லாம் கடகடவென்று சொல்லிவிட்டு, கடைசியில் மூச்சை இழுத்துப் பிடித்து, "கீபோர்டு... பச்ச்சை!" என்று முழங்குவார். விசில் பறக்கும். புல்லாங்குழல், வயலின், ஷெனாய், மழை, இடி, குதிரைக் குளம்பு என்று எல்லாம் அந்த ஒற்றைப் பெட்டியிலிருந்து கொட்டும்.

"நானு ஒரு ஆளு இல்ல, பத்து ஆளு. சோறு மட்டும் ஒரு ஆளு சோறுதான் போடுறானுங்கோ" என்பது அவர் ஊருக்கு ஊர் சொல்லும் நகைச்சுவை. எல்லா ஊரிலும் சிரித்தார்கள்.

கிறுக்குகளும் உண்டு. கச்சேரிக்கு வேனில் போகும்போது கீபோர்டை மடியில்தான் வைத்துக்கொள்வார். டிக்கியில் போடச் சொன்னால், "உன் கொயந்தைய டிக்கில போடுவியா?" என்று சண்டைக்கு நிற்பார். கச்சேரி நாளில் தயிர் தொடமாட்டார். தயிர் சாப்பிட்டால் விரல் தூங்கிவிடுமாம். சாவு வீட்டுக்குப் போய்வந்தால், குளிப்பதற்கு முன்னால் பத்து விரலையும் தனியாக ஒருமுறை கழுவிக்கொள்வார்.

ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் துணி காய்ந்தால் கரி, குடத்து மூடியில் கரி. காலையில் கூட்டிய வீட்டில் மத்தியானம் நடந்தால் உள்ளங்கால் கறுத்துவிடும். பழைய புடவைத் துண்டைப் போர்த்தி வைத்தாலும் கீபோர்டைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும். அது நர்மதாவின் வேலை. துடைக்கும்போது அவள் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். வெள்ளைக் கட்டைகள் விரல் பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்திருக்கும். கறுப்புக் கட்டைகளில் மட்டும் கரி படிந்து கிடக்கும், யாரும் உட்காராத நாற்காலி மாதிரி. கறுப்பில் படிந்த கறுப்பு கண்ணுக்குத் தெரியாது, துணிக்குத்தான் தெரியும். வெள்ளைதான் பாட்டுக்கு, கறுப்பைச் செய்தவன் அழகுக்கு வைத்திருக்கிறான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். பாட்டுப் பெட்டியைப் பற்றி அவளுக்கென்ன தெரியும்?

இன்னொரு கிறுக்கு, அந்தக் கட்டைவிரல். எதை ஆரம்பிப்பதற்கு முன்னாலும் பச்சையப்பனின் இடது கை கட்டைவிரல் எதையாவது அழுத்திப் பார்க்கும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் இடது விளிம்பு. பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பி. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மூலையை அழுத்தினார். கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நர்மதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கேட்டாள். "சுருதி சேத்துக்கறேன்" என்றார். ஏதோ சாமி கும்பிடுகிற மாதிரி போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

குழுவின் கதையையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்த்த நாலு பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தது 'மில் கேட் பாய்ஸ்'. தானியேல் கிட்டார், சரவணகுமார் பேஸ் கிட்டார், முஸ்தபா டிரம்ஸ், தணிகைவேல் குரல். ஆயுத பூஜை வந்தால் ஆலைக்கு ஆலை கச்சேரி. இரும்புக் கம்பி ஏற்றும் டிரெய்லர் லாரிதான் மேடை. சந்தனமும் குங்குமமும் வைத்த டயர்களுக்கு மேலே நின்றுகொண்டு அந்த நாலு பேரும் சொந்தப் பாட்டுப் பாடினார்கள். உலைச் சூடு, நைட் ஷிப்டு, தவறவிட்ட டிரெயின், தவறவிட்ட பெண். முரட்டுச் சத்தம், பொய்யில்லாத சத்தம். 'முதல் ஷிப்ட்' என்று ஒரு கேசட்கூடப் போட்டார்கள்.

அப்புறம் ஜனங்கள் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். சினிமாப் பாட்டுக்கு நாலு வாத்தியம் போதவில்லை. ஊரில் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்த பாக்கியநாதனைச் சேர்த்துப் பார்த்தார்கள், அதுவும் போதவில்லை. பேக்கிங் செக்‌ஷனில் இருந்த பச்சையப்பன் ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவர். அதற்கப்புறம் 'பாய்ஸ்', 'மெலோடீஸ்' ஆனது. வேன் வந்தது, கலர் லைட் வந்தது, திருவள்ளூர் வரைக்கும் பேர் போனது.

ஒருவருக்கு இலை விழுந்தபோது இன்னொருவர் இலை எடுக்கப்பட்டது. பெட்டியே குழல் ஊதும்போது தனியாக ஓர் ஆள் எதற்கு என்று, தானியேல் ஒருநாள் பாக்கியநாதன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த கச்சேரிக்குப் பாக்கியநாதன் வந்திருந்தார். மேடைக்குக் கீழே, ஜனத்தோடு ஜனமாக நின்று முழுசும் கேட்டார். முடிந்ததும் மேலே ஏறி வந்து பச்சையப்பனின் தோளைத் தட்டினார். தானியேல் பக்கத்தில்தான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார். "நல்லாக்கீதுடா என் புல்லாங்குழலு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாக்கியநாதன் இறங்கிப் போனார். அதோடு சரி. எந்தக் கச்சேரியிலும் அவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அந்த வார்த்தையைப் பச்சையப்பன் வீட்டில் வந்து சொன்ன இரவு சாப்பிடவில்லை என்பது நர்மதாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

காலம் யாரையும் சும்மா விடுவதில்லை. சுற்றிவிட்டு வந்து ஒருநாள் கதவைத் தட்டும். அந்தப் பழைய கேசட்டை யாரோ யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். சென்னையிலிருந்து சின்னக் கம்பெனி ஒன்று தேடிக்கொண்டு வந்தது. பழைய மாதிரியே ஓர் ஆல்பம் வேண்டும். அதே நாலு பேர், அதே முரட்டுச் சத்தம், சொந்தப் பாட்டு. தானியேலுக்கு அறுபது தாண்டிவிட்டது. முஸ்தபாவின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. "முப்பது வருஷமா அடுத்தவன் பாட்டையே வாசிச்சிக்கினு இருந்துட்டோம். நாம செத்தா மைக் செட்டுல போட நம்ம பாட்டுன்னு ஒண்ணு கீதாடா?" என்று தானியேல் கேட்டார். ஆல்பத்துக்கு 'கடைசி ஷிப்ட்' என்று பேர் வைத்தார்கள். கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல். கீபோர்டு கிடையாது.

பச்சையப்பன் சண்டை போடவில்லை. ரயிலடி டீக்கடையில் தானியேலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ண்ணா, ஒரே ஒரு பாட்டு. எம் பொண்ணு பாட்டு. அத மட்டும் எனக்குக் குடு."

தானியேல் நெடுநேரம் டீயை ஆற்றினார். "செரி. ஆனா உன் பொட்டி வேணாம். ஸ்டூடியோல நெஜ பியானோ கீது. தணிகா பாடட்டும், நீ பியானோ. வேற எதுவும் வேணாம்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கண்ணில் நீர் நின்றது. "இத்தினி வருஷம் பிளாஸ்டிக்குடி நர்மு. இப்ப மரம். நெஜ மரம்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டிங். நாஷ்டாகூடச் சாப்பிடாமல் முதல் டிரெயினைப் பிடித்தவர் சாயங்காலம் திரும்பினார். "எப்டி இருந்துச்சி?" என்றாள். "சூப்பரு" என்றார். தட்டில் கை வைக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சந்தோஷத்தில் பசிக்கவில்லை என்று நினைத்தாள் பாவி மகள். தெருவெல்லாம் சொன்னாள். மகளுக்குப் போன் போட்டு, "உன் தாலாட்ட உங்க நைனா பியானோல வாசிச்சிட்டாருடி" என்றாள். அந்தப் பக்கம் பூமிகா அழுதாள். தன் குழந்தைக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும், எப்போது வரும் என்று கேட்டாள்.

இன்று மத்தியானம் தானியேல் போன் செய்து சாயங்காலம் வருவதாகச் சொன்னார். பாட்டைப் போட்டுக் காட்டத்தான் வருகிறார் என்று நர்மதாவுக்குத் தோன்றியது. அதற்குத்தான் இந்தக் கேசரி.

வாசலில் பைக் வந்து நின்றது. உள்ளே டொக்டொக் நின்றது.

"இன்னாம்மா நர்மதா, தெரு முச்சூடும் நெய் வாசன?" என்று கேட்டபடி தானியேல் வந்தார். நெட்டை உருவம், வெள்ளைத் தாடி.

"வாங்கண்ணா. எல்லாம் உங்களுக்குத்தான்."

"எனக்கு சுகராச்சே."

"ஒரு ஸ்பூனு துன்னா ஒண்ணும் ஆவாது. நல்ல சேதி கொண்டாந்த வாயி, இனிக்கத்தான் வேணும்."

செருப்பைக் கழற்றக் குனிந்த தானியேல், ஒரு ஜோடிச் செருப்புக்குத் தேவையானதைவிட அதிக நேரம் குனிந்தே இருந்தார்.

பச்சையப்பன் வெளியே வந்தார். வலது கை விரல்களை இடது கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ண்ணா, இன்னும் ரெண்டு நாளு குடு. புடிச்சிட்டேன். பல்லவி முச்சூடும் வந்துடுச்சி. சரணத்துல ஒரே ஒரு எடத்துலதான் தடுக்குது."

"ஒக்காரு பச்ச."

"ஒக்காந்தா நீ சொல்லிடுவ. நின்னுக்கினே கேக்கறேன்."

"நேத்து முடிச்சிட்டோம்டா."

ஆலைப் பக்கமிருந்து இரும்பைக் கொட்டும் சத்தம் நீளமாகக் கேட்டு அடங்கியது.

"யாரு வாசிச்சா?"

"பியானோவே இல்ல. கிட்டாருதான். நானு வாசிச்சேன், தணிகா பாடுனான். ஸ்டூடியோவுல நேத்தோட நம்ம நாளு முடிஞ்சிது. நான் இன்னா பண்ணச் சொல்ற?"

கேசரித் தட்டோடு வந்த நர்மதா நடுவீட்டிலேயே நின்றுவிட்டாள். "இன்னாண்ணா சொல்றீங்கோ? போன வாரமே இவரு வாசிச்சி முடிச்சிட்டாரே?"

தானியேல் பச்சையப்பனைப் பார்த்தார். "ஊட்ல சொல்லலியா நீ?"

பச்சையப்பனின் கட்டைவிரல் பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"வாசிக்கல நர்மு" என்றார். "வாசிக்கத் தெரியல."

"தெரியலியா? இத்தினி வருஷமா மேடையில—"

"எனக்கு வெள்ளக் கட்ட மட்டுந்தான் தெரியும்."

அவளுக்கு விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார், குற்றப்பத்திரிகை வாசிக்கிறவர் குரலில். பாடுகிற ஒவ்வொருவர் தொண்டைக்கும் ஒரு சுருதி. சுருதி மாறினால் விரல் போகவேண்டிய இடமும் மாறும். கறுப்புக் கட்டைகளில் ஏறி இறங்க வேண்டும். அவர் பழகியது ஒரே ஒரு சுருதி, முழுசும் வெள்ளைக் கட்டையிலேயே ஓடுகிற சுருதி. வேறு எது வேண்டுமென்றாலும் கீபோர்டின் இடது மூலையில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் விரல் பழைய இடத்திலேயே ஓடும், சுருதி மட்டும் ஏறிக்கொள்ளும். தணிகைவேலின் தொண்டைக்கு ரெண்டரைக் கட்டை. அதற்கு அந்தப் பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும். எல்லா மேடையிலும், எல்லாப் பாட்டுக்கும், அந்தப் பட்டன்தான் அவருக்குக் கறுப்புக் கட்டை.

பியானோவில் பட்டன் இல்லை.

"ஒக்காந்தேன். மூடியத் தொறந்தேன். கை தன்னால அந்த மூலைக்கிப் போச்சு. அங்க வெறும் மரம். அமுக்குனேன் நர்மு. மரத்தப் போயி அமுக்கறேன். கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னவங்கோ, சாமி கும்புடறேன்னு நெனச்சிக்கினு பேசாம நின்னானுங்கோ. அப்புறம் தணிகா சுருதிக்கு ஏறிப் பாத்தேன். எந்தக் கட்டன்னு வெரலுக்குத் தெரியல. எம் பொண்ணு தாலாட்டு... பேய் பாடற மாதிரி வருது. மைக்கு புடிக்கிற பொண்ணு கேக்குது, 'சார், வார்ம் அப் பண்றீங்களா'ன்னு. ஆமாம்மான்னேன்."

நர்மதாவின் கையில் தட்டு கனத்தது. தட்டின் விளிம்பு, பஸ்ஸின் கம்பி, பெஞ்சின் மூலை. துடைக்கத் துடைக்கத் துணியில் ஏறிய கரி. இத்தனை வருஷம் அவள் கையாலேயே துடைத்துக்கொண்டிருந்தது இதைத்தானா?

"உனக்குத் தெரியுமாண்ணா?" என்று பச்சையப்பன் கேட்டார். "மின்னயே?"

"மொத கச்சேரிலயே தெரியும்" என்றார் தானியேல். "தணிகாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சி, சுருதி எறக்குன்னேன். நீ பட்டன அமுக்குன. வெரலு அசையாம அதே எடத்துலதான் ஓடுச்சி. பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா கத்துக்கினு இருப்பேன் இல்ல?"

"நீ கத்துக்கினு வர்றதுக்குள்ள ஆடி மாசம் போயிருக்கும்டா. அப்ப எனக்கு சத்தம் வந்தா போதும்னு இருந்துச்சி."

"எம் பொட்டிலயே பியானோ சத்தம் கீதே. அத வச்சாவது..."

"கம்பெனியில கேட்டுட்டேன். கேக்கறப்பவே பிளாஸ்டிக்குன்னு தெரிஞ்சிடுமாம். மரம் வேணுமாம் அவனுங்களுக்கு."

பச்சையப்பன் ஏதோ நினைவு வந்தவர்போல நிமிர்ந்தார்.

"கிட்டாருல எந்த சுருதிண்ணா எடுத்த?"

"தணிகாவுக்கு எது? ரெண்டரைக் கட்டதான்."

"ரெண்டரையில எப்படிப் புடிச்ச? வெரலு நோவுமே."

தானியேல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கிளிப்பு போட்டுதான்."

கிட்டாரின் கழுத்தில் கவ்வுகிற ஒரு சின்னக் கிளிப். அதை மாட்டினால் கிட்டார்க்காரன் தனக்குப் பழகிய பிடியையே பிடிக்கலாம்; சுருதி ஏறிக்கொள்ளும். நர்மதா அதை மேடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அது எதற்கென்று இப்போதுதான் தெரிந்தது.

"நீ கிளிப்பு மாட்டுனா அது வாசிப்பு" என்றார் பச்சையப்பன். குரல் உயரவில்லை. "நான் பட்டன் அமுக்குனா அது பொட்டி. அப்படித்தானேண்ணா?"

"பேஜாரு பண்ணாதடா. நானா சொன்னேன்?"

"நீ சொல்லலண்ணா. நீ எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்ட. ஊட்டுக்கு வந்து சேதி மட்டும் சொல்லிட்டுப் போவ."

அடி விழுந்த மாதிரி தானியேல் தாடியைத் தடவிக்கொண்டார். "அட்டையில உன் பேரு வரும் பச்ச. 'பாட்டு, மெட்டு பச்சையப்பன்'னு. சண்ட போட்டு வாங்கியிருக்கேன்."

"ஆடிக்குப் பெரியபாளையம்?"

"எடுக்கல."

"இந்த வருஷமா?"

"இனிமே சினிமாப் பாட்டு கச்சேரியே வேணாம்னு கம்பெனிக்காரன் சொல்றான். ஆல்பத்துக்கு மரியாதையா இருக்காதாம். முஸ்தபாவாலயும் முடியல. உனக்கு வேற குழு எவனாவது குடுப்பான்டா. நான் சொல்லி வைக்கிறேன்."

வேற குழுவில் இருபது வயசுப் பையன்கள் இருக்கிறார்கள். பாதிப் பாட்டு லேப்டாப்பிலேயே ஓடுகிறது. அந்த அறையிலிருந்த மூன்று பேருக்கும் அது தெரியும்.

"பாட்டு வச்சிக்கினு கீறியா?" என்று கேட்டார் பச்சையப்பன்.

"இப்ப வேணாம்டா."

"போடு."

தானியேல் போனை எடுத்துக் கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒற்றைக் கிட்டார் மெல்ல எழுந்தது. கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. அப்புறம் தணிகைவேலின் குரல், வயசாகி, கீறல் விழுந்து, எந்தப் பூச்சும் இல்லாமல். 'சங்கு ஊதுனா அப்பன் வருவேன்...' பொய்யில்லாத சத்தம். நொண்டாமல் வந்தது. தடுக்குமென்று அவர் சொன்ன சரணத்தில்கூடத் தடுக்காமல் தண்ணீர் மாதிரி ஓடியது. அது அசிங்கமாக இருந்திருந்தால் நர்மதா நாலு வார்த்தை திட்டியிருப்பாள். அழகாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதை மகளிடம் என்ன சொல்லிக் கொடுப்பது?

பச்சையப்பன் முழுசும் கேட்டார். கடைசிக் கம்பியின் அதிர்வு அடங்கும் வரைக்கும் இமைக்கவில்லை. பிறகு எழுந்து, தானியேலின் தோளில் கை வைத்தார்.

"நல்லாக்கீதுண்ணா, என் தாலாட்டு."

மேடைக்குக் கீழே ஜனத்தோடு ஜனமாக நின்ற ஓர் ஆளின் முகம் தானியேலுக்கு அப்போது நினைவு வந்திருக்க வேண்டும். போனை எடுத்துச் சட்டைப் பையில் போட இரண்டு தடவை முயன்றார். முதல் தடவை பை கிடைக்கவில்லை.

"வரேன்டா" என்றார்.

"கேசரி..." என்று நர்மதா பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு நாளு வரேம்மா."

இன்னொரு நாள் இல்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. செருப்பைக் காலில் நுழைத்தும் நுழைக்காமலும் படி இறங்கினார். பைக் ஒரு உதையில் கிளம்பவில்லை. அது கிளம்பும் வரைக்கும் பச்சையப்பன் வாசலிலேயே நின்றார், குடோன் கேட்டில் லாரி போகக் காத்திருப்பதுபோல. வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பி ஆலைச் சத்தத்தில் கலந்தது. அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நர்மதா பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய இடது கை மெல்ல மேலே ஏறியது. கதவின் இடது மூலையில், கரி படிந்த மரத்தின் மேல், கட்டைவிரலை வைத்தார்.

ஒருமுறை அழுத்தினார். இன்னொருமுறை. மூன்றாவது முறை அழுத்திய விரலை எடுக்கவில்லை.